"படிச்சேன்" என்று பிள்ளை சொன்னால்

(பொதுத்தேர்வு எழுதும் மாணவர்கள், பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

"மூணு தடவை படிச்சேன் உம்மா, பரீட்சையில ஒண்ணுமே வரல" என்று பிள்ளை அழுதால் நாம் நம்புவதில்லை. செல்போன் மேல் பழியைப் போடுகிறோம். பல நேரம் பிள்ளை சொல்வது உண்மைதான். மூன்று தடவையும் படித்திருக்கிறது. விளங்கியதா என்று ஒரு தடவைகூடத் தன்னைக் கேட்டுப் பார்க்கவில்லை.

எலன் மார்க்மன் என்ற உளவியல் ஆய்வாளர் 1979இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அவர் சிறு கட்டுரைகளை வாசித்துக் காட்டினார். ஒன்றில், கடலுக்கு அடியில் வெளிச்சமே இல்லை என்று வரும். அடுத்து, அங்குள்ள மீன்கள் நிறத்தைப் பார்த்து இரையைக் கண்டுகொள்ளும் என்று வரும். கும்மிருட்டில் நிறம் எப்படித் தெரியும்? ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிலேயே பலருக்கு அந்தக் கேள்வி எழவில்லை. ஒவ்வொரு வரியும் தனித்தனியே புரிந்தது. அதனால் எல்லாம் புரிந்துவிட்டது என்று நினைத்துவிட்டார்கள்.

கல்லூரி மாணவர்களும் இதற்கு விலக்கல்ல. ரோடிகர், கார்பிக் என்ற இருவர் 2006இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஒரு பக்கம். படித்தபின் மூடிவைத்து, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் இன்னொரு பக்கம். ஐந்து நிமிடத்தில் சோதித்தபோது முதல் கூட்டமே முந்தியது. ஒரு வாரம் கழித்து எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், தங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிகம் நம்பியவர்கள் திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தான். பழகிய பக்கம் தெரிந்த பக்கம்போலத் தோன்றும். பரீட்சைக்கு முந்திய இரவில் பிள்ளை ஏமாறுவது இங்கேதான்.

நம் மதரஸாவில் உஸ்தாது என்ன செய்கிறார்? ஹிஃப்ழு பிள்ளையைக் குர்ஆனை மூடிவைத்து ஓதச் சொல்கிறார். தடுமாறும் இடம் உடனே தெரிந்துவிடுகிறது. பள்ளிப் பாடத்துக்கும் அதே வழி உதவும், ஒரு வித்தியாசத்தோடு: அப்படியே ஒப்பிக்கக் கூடாது, சொந்த வார்த்தையில் சொல்ல வேண்டும்.

ஆகவே பிள்ளைகளே, ஒரு பத்தி முடிந்ததும் நிறுத்துங்கள். மூடிவைத்து, என்ன சொல்கிறது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கண் வரியில் ஓட, மனம் கடைத்தெருவில் இருந்திருந்தால் அப்போதே தெரிந்துவிடும். மனம் விலகுவது குற்றமல்ல, எல்லோருக்கும் நடப்பது. விலகிய இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, அங்கிருந்து மீண்டும் தொடங்குங்கள். விளங்காத வரிக்குக் கேள்விக்குறி போடுங்கள். மறுநாள் ஆசிரியரிடம் அதை மட்டும் கேட்டால் போதும்.

டியூஷனுக்குப் பணமில்லையே, நமக்கோ படிப்பில்லையே என்று கலங்கும் தாய்மார்கள் இங்கே இருக்கிறீர்கள். உங்களுக்குப் பாடம் தெரிய வேண்டியதில்லை. "படிச்சியா?" என்று கேட்காமல், "எனக்கு விளங்குற மாதிரி சொல்லு பார்ப்போம்" என்று கேளுங்கள். வேலையைப் பார்த்துக்கொண்டே கேட்கலாம். "அது வந்து... அதாவது..." என்று பிள்ளை இழுக்கும் இடம் வரும். திட்டாதீர்கள். "அந்த இடத்தை மட்டும் இன்னொரு தடவை பார்த்துட்டு வா" என்று அனுப்புங்கள்.