நூறாவது மேடையேற்றம்

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றப்பெற்ற உரை)



பாடசாலை நாடகம் பெரும்பாலும் ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு மூன்று தடவைகள் மேடையேறும். நாடகத்தைத் தொழிலாகக் கொண்டவர்களோ ஒரே பாத்திரத்தை நூறு, இருநூறு தடவைகள் தாங்க வேண்டும். அதற்கு நாடகப் பள்ளிகள் அவர்களை எவ்வாறு தயார்செய்கின்றன என்பதைப் பற்றியே நாம் இன்று பேச விரும்புகின்றோம்.

லண்டன் வெஸ்ட் எண்ட் அரங்குகளில் ஒரு நாடகம் வழக்கமாகக் கிழமைக்கு 8 தடவைகள் நடைபெறும்: ஆறு இரவுக் காட்சிகள், இரண்டு பகற் காட்சிகள். ஓராண்டு நடித்தால் எண்ணிக்கை 400 ஐத் தாண்டிவிடும். அகதா கிறிஸ்ரியின் ‘மவுஸ்ட்ராப்’ 1952 நவம்பர் 25 ஆம் திகதி அங்கே தொடங்கியது. கொரோனாக் காலத்தில் மட்டுமே அது இடைநின்றது. டேவிட் ரேவன் என்ற நடிகர் அதில் ஒரே பாத்திரத்தில் 4,575 தடவைகள் தோன்றினார். எமது மண்ணிலும் இது புதிதன்று. நடிகமணி வி. வி. வைரமுத்துவின் ‘மயான காண்டம்’ 3,000 தடவைகளுக்கு மேல் மேடையேறியதாகச் சொல்வார்கள்.

இத்தனை நாள் தாங்குவதற்கு முதலில் வேண்டியது குரல். தொண்டையை இறுக்கிக் கத்தும்போது குரல்நாண்கள் ஒன்றோடொன்று பலமாக மோதுகின்றன. அது தொடர்ந்தால் அவை வீங்கும், நாளடைவில் முடிச்சுக்களும் தோன்றும். ஆகவே நாடகப் பள்ளியில் மூச்சிலிருந்தே பாடம் தொடங்குகிறது. விலா எலும்புகள் விரிய மூச்செடுத்து, அந்த மூச்சின் மேல் சொல்லை வைத்து, கடைசி வரிசைக்கு அனுப்பப் பழக்குவார்கள். வாய்மூடி முனகுதல், உதடும் நாக்கும் தளரும் பயிற்சிகள் நாள்தோறும் நடக்கும். காட்சி முடிந்ததும் குரலுக்கு ஓய்வு கொடுப்பதும் பயிற்சியில் ஒரு பகுதியே.

அடுத்தது உடல். தஸ்மேனியாவில் 1869 இல் பிறந்த எவ். எம். அலெக்சாண்டர் மேடையில் செய்யுள் ஒப்புவிப்பவர். அவருக்கு அடிக்கடி குரல் கம்மியது. கண்ணாடிகளின் முன் நின்று தம்மையே கவனித்தார். பேசத் தொடங்கும்போது தலையைப் பின்னுக்கும் கீழுக்கும் இழுத்துக்கொள்வதைக் கண்டுபிடித்தார். அதிலிருந்து உருவான முறை இன்று பல நாடகப் பள்ளிகளில் கற்பிக்கப்படுகிறது. வீணான இறுக்கத்தைக் குறைத்தால் களைப்பும் குறையும் என்பதே அதன் சாரம்.

எல்லாவற்றிலும் கடினமானது மனம். 1906 இல் பின்லாந்தில் விடுமுறையில் இருந்த ஸ்ரனிஸ்லவ்ஸ்கி, தாம் பலகாலம் நடித்த பாத்திரங்கள் உயிரிழந்து வெறும் பழக்கமாகிவிட்டதை உணர்ந்து வருந்தினார். அவரது பிற்கால முறைக்கு அந்த வருத்தமும் ஒரு வித்து. நேற்று வந்த கண்ணீரை இன்றும் வரவழைக்க முயன்றால் அது போலியாகும். மாறாக, இந்தக் கணத்தில் எனக்கு என்ன வேண்டும், எதிரே நிற்பவர் இன்று எப்படிச் சொல்கிறார் என்று கேட்கப் பழகினால், நூறாவது மேடையேற்றத்திலும் பதில் புதிதாகப் பிறக்கும்.

இவற்றோடு ஒழுங்கும் வேண்டும். பிரித்தானிய அரங்கில் திரை உயர 35 நிமிடங்கள் இருக்கையிலேயே நடிகர் அனைவரும் வந்திருக்க வேண்டும். ஒருவர் நோயுற்றால் நடிப்பதற்குப் பதில் நடிகர் ஆயத்தமாக இருப்பார். மட்டக்களப்புக் கூத்திலும் சட்டம் கொடுத்தலில் தொடங்கி அரங்கேற்றம் வரை அண்ணாவியார் ஆட்டத்தையும் பாட்டையும் படிப்படியாக உடம்பில் ஏற்றிவிடுவார். விடிய விடிய ஆடும் பலம் அப்படித்தான் வருகிறது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நாடகப் பள்ளியின் மேடையேற்றங்களும் சில நாள்களோடு முடிந்துவிடும். நீண்ட ஓட்டத்தின் சலிப்பை அங்கே எவரும் முழுமையாக அனுபவிப்பதில்லை. பள்ளி கொடுப்பது பழக்கங்களையே. சலிப்பு வரும் நாளில் அந்தப் பழக்கங்கள் துணைநிற்கும்.

சகோதரிகளே, இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. எம்மிற் பலர் ஆசிரியைகள். நாளுக்கு ஐந்தாறு பாடவேளைகள், வருடத்துக்கு மூன்று தவணைகள் என்று முப்பது வருடங்கள் பேசுவது பெரும்பாலான நாடகங்களை விட நீண்ட ஓட்டம். தவணை முடிவில் குரல் கம்மிப்போவதை நாம் விதியென ஏற்றுக்கொண்டிருக்கின்றோம். பிள்ளைகளோ தமிழ்த்தினப் போட்டிக்காக வாரக்கணக்காகக் கத்தி ஒத்திகை பார்த்து, போட்டியன்று தொண்டை கட்டிய நிலையில் மேடையேறுகிறார்கள்.

நாடகமும் அரங்கியலும் இன்று பாடசாலைப் பாடம். வெற்றிக் கேடயம் அலுமாரியில் இருந்துவிடும். மூச்சும் குரலும் பிள்ளையோடு வாழ்நாள் முழுவதும் போகும். ஆகவே நூற்றாண்டு நினைவாக எமது சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். ஒவ்வோர் ஒத்திகைக்கும் முன் 15 நிமிடக் குரல், உடற் பயிற்சியை வழக்கமாக்குவோம். முதன்மைப் பாத்திரம் ஒவ்வொன்றுக்கும் இரண்டாவது பிள்ளை ஒருத்தியையும் பழக்குவோம். போட்டி முடிந்த நாடகத்தை அயற் பாடசாலைகளுக்கும் கொண்டுசென்று பத்துத் தடவைகளாவது மேடையேற்றுவோம். பயிற்சியளிக்கத் தகுந்தவரை வருடந்தோறும் அழைக்கும் செலவைச் சங்கமும் வெளிநாட்டுக் கிளைகளும் பகிர்ந்துகொள்ளலாம்.

நூறு வருடங்களாக எமது கல்லூரி ஒவ்வொரு வருடமும் புதிய பிள்ளைகளுக்கு முன்னால் அதே பாடங்களைப் புதிதாய்த் தொடங்குகிறது. அந்தப் பணி தளராது தொடர வாழ்த்தி விடைபெறுகின்றோம்.