பார்வையாளர் நேரம்

 

இருபது வருடங்களுக்கு மேலாக வார்டில் வேலை செய்கிறேன். அங்கே பார்வையாளர் நேரத்தில் வருகிறவர்கள் பழம் கொண்டுவருவார்கள். மழையைப் பற்றிப் பேசுவார்கள். மனதில் உள்ளதைச் சொல்வது, கிளம்புவதற்காக எழுந்து நிற்கும் கடைசி ஐந்து நிமிடத்தில்தான். வீட்டில் இந்த அவசரம் இல்லை. இன்று சொல்லாததை நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம். தூர தேசத்தில் வேலை செய்கிற அம்மாவைப் பார்க்க வரும் பிள்ளைக்கு அந்த 'நாளைக்கு' இருக்கிறதா என்பதுதான் என் கேள்வி.

லண்டன் வாட்டர்லூ ரயில் நிலையத்துக்குள் ஒரு வெண்கலச் சிலை இருக்கிறது. 2022 ஜூன் 22 அன்று திறந்துவைத்தார்கள். ஓர் ஆண், ஒரு பெண், ஒரு குழந்தை, மூவரும் நல்ல உடை உடுத்தி, அடுக்கிய பெட்டிகளின்மேல் நிற்கிறார்கள். 1948-ல் 'எம்பயர் விண்ட்ரஷ்' கப்பலில் தொடங்கி கரீபியத் தீவுகளிலிருந்து வந்தவர்களின் நினைவுச்சின்னம் அது. தேசிய சுகாதார சேவை தொடங்கியதும் அதே ஆண்டில்தான். வந்த பெண்களில் பலர் அதன் வார்டுகளில் வேலைக்குச் சேர்ந்தார்கள்.

சிலையில் மூவரும் சேர்ந்து வந்து இறங்குகிறார்கள். நிஜத்தில் பல குடும்பங்கள் துண்டு துண்டாகத்தான் வந்தன. அந்தச் சிலைக்கான குழுவின் தலைவர் ஃப்ளோயெல்லா பெஞ்சமின் குடும்பமும் அப்படித்தான். பெற்றோர் முன்னால் வந்துவிட, சிறுமியான அவர் டிரினிடாடில் விடப்பட்டு, 1960-ல்தான் கப்பலேறி வந்து சேர்ந்தார். 'கமிங் டு இங்கிலாந்து' என்ற நூலில் அதை எழுதியிருக்கிறார். தாமதமானாலும் அவருக்கு வந்து சேரும் வழி இருந்தது.

2024 மார்ச் 11 முதல் பராமரிப்புப் பணியாளராக விசா பெற்றவர்கள் கணவரையோ மனைவியையோ பிள்ளைகளையோ கூட அழைத்து வந்து குடியிருக்க முடியாது. நர்ஸ் விசாவில் வந்த எனக்கு அந்தத் தடை இல்லை. நாங்கள் இருவகையினரும் முதியவர்களைக் குளிப்பாட்டுகிறோம், மாத்திரை கொடுக்கிறோம். ஆனால், என் பிள்ளைகள் இங்கே பள்ளிக்குப் போகிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் பார்வையாளர் விசாவில் வந்து திரும்புகிறார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு பெண். நாகர்கோவில் பக்கம். கடலோரச் சிற்றூர் ஒன்றில் முதியோர் இல்லத்தில் வேலை. போன மே மாதம் கணவரும் இரண்டு பையன்களும் வந்தார்கள். அவள் இருப்பது பகிர்ந்துகொள்ளும் வீட்டில் ஓர் அறை, விருந்தினருக்கு அனுமதி இல்லை. அதனால் ஈஸ்ட் ஹாமில் எங்கள் வீட்டில் தங்கினார்கள். அவளுக்குச் சேர்ந்தாற்போல் கிடைத்த விடுப்பு ஒரு சனி, ஒரு ஞாயிறு. அவள் சொல்லச் சம்மதித்ததால் சொல்கிறேன்.

சனிக்கிழமை முழுக்க எல்லோரும் நல்லபடியாக நடந்துகொண்டார்கள். பாலத்தைப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள். பையன்கள் ஒரு சேட்டையும் செய்யவில்லை. அதுதான் எனக்கு உறுத்தியது.

ஞாயிறு ஆராதனை முடிந்து, சாப்பிட்டு, பிற்பகல் மூன்றரை. ஊரில் அப்போது இரவு எட்டு. தினமும் அவள் இடைவேளையில் வீட்டுக்குப் பேசும் நேரம். பெரியவனுக்குப் பன்னிரண்டு வயது. அப்பாவின் போனை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்தான். அடுக்களையில் நின்றிருந்த அம்மாவின் போன் அடித்தது.

எடுத்தாள். பழக்கத்தில் முதல் வார்த்தை, "சாப்பிட்டியா மக்களே?" ஒரு மணி நேரத்துக்கு முன் அவள்தான் பரிமாறியிருந்தாள்.

"சாப்பிட்டேன். அம்மா, எனக்கு ராத்திரி பயமா இருக்கு. தம்பிகிட்ட சொல்லிராத."

பத்தடி தூரம்தான். அவள் எழுந்து போகவில்லை. போனால் பேச்சை நிறுத்திவிடுவான் என்று அவளுக்குத் தெரியும். பாத்திரம் கழுவும் குழாயை மூடிவிட்டு, இருபது நிமிடம் போனிலேயே பேசினாள். நாங்கள் யாரும் அசையவில்லை. மாலை ஏழு மணிக்கு அவளுக்கு ரயில்.

வெளிநாடு போன அப்பாவின் பணத்தையும் பெட்டியையும் பற்றி நாம் நிறைய எழுதியிருக்கிறோம். பார்க்க வந்த பிள்ளை அம்மா முன்னால் விருந்தாளிபோல் ஒழுங்காக உட்கார்ந்திருப்பதைப் பற்றி அதிகம் எழுதவில்லை. சட்டம் எழுதுகிறவர்கள், 'பார்க்க வரலாமே, தடை இல்லையே' என்கிறார்கள். பார்ப்பதும் சேர்ந்து இருப்பதும் ஒன்றல்ல. அம்மாவிடம் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் படுக்கவும், காலையில் அதை மறந்து எழவும் ஒரு பிள்ளைக்கு ஆறு மாத விசா போதாது. இதை எழுத வேண்டியவர்கள், இங்கே வார்டிலும் முதியோர் இல்லத்திலும் வேலை செய்துகொண்டிருக்கிற நாம்தான்.