சுவர் மட்டும் போதுமா?

(தலைப்பு: புற்றுநோயிலிருந்து மீண்டவரை வாழ வைப்பது மருத்துவமே! மறுவாழ்வுப் பயிற்சியே! – ‘மறுவாழ்வுப் பயிற்சியே’ அணியில் பேசியது)



எனக்கு முன்னால் பேசிய எதிரணி அம்மையார், “சுவர் இருந்தால்தானே சித்திரம்?” என்று கேட்டுக் கைதட்டலும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். ஒத்துக்கறேம்மா. டாக்டர் சுவரை எழுப்பிக் கொடுத்துட்டார். வெறும் சுவரையே எத்தனை நாளைக்குப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கிறது? சித்திரத்தை யார் வரையறது? (சிரிப்பு, கைதட்டல்)

1954ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் அடையாறில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார்கள். அன்றைக்கு இந்த நோய் வந்தவர் பிழைப்பதே பெரிய காரியம். இன்றைக்குப் பிழைத்து வீடு திரும்புகிறவர்கள் எத்தனையோ பேர். அதனாலேதான் ஐயா இந்தக் கேள்வியே வருது: பிழைத்தவர் எப்படி வாழ்வது?

ஒரு தாய். மார்பிலே அறுவை சிகிச்சை. அக்குளிலே நிணநீர்க் கணுக்களையும் எடுத்துட்டாங்க. நோய் போச்சு. ஆனால் கை தோளுக்கு மேலே எழும்பவில்லை. கொடியிலே துணி காயப்போட முடியல. பெற்ற மகளுக்குத் தலை பின்ன முடியல. ஊர் என்ன சொல்லுது? “நல்லாத்தானே இருக்கே!” அவளுக்கு மாத்திரை போதாதுங்க. சுவரைப் பார்த்து நின்று, விரல்களை எறும்பு மாதிரி மெல்ல மெல்ல மேலே ஊர விடணும். நேற்றுத் தொட்ட இடத்துக்கு மேலே இன்றைக்கு ஒரு விரற்கடை. அம்மா சொன்ன அதே சுவர்தான்! (பலத்த கைதட்டல்)

அடுத்து, வாய்ப் புற்றுநோய். கதிர்வீச்சுக்குப் பிறகு சிலருக்குத் தாடை இறுகிப்போகும். மூன்று விரல் அடுக்கி நுழைகிற வாய், ஒரு விரலுக்குத் திறக்காது. கல்யாணப் பந்தியிலே எல்லாருக்கும் இலை; அவருக்கு மட்டும் கஞ்சி டம்ளர். வைத்தியம் என்ன? ஐஸ் குச்சி மாதிரித் தட்டைக் குச்சிகளைப் பல்லுக்கு நடுவே அடுக்கி, பயிற்சியாளர் சொன்னபடி ஒவ்வொன்றாகக் கூட்டணும்.

நடுவர் அவர்களே, நீங்களும் நானும் குரலை வைத்துப் பிழைக்கிறவர்கள். குரல்வளையையே எடுத்துவிட்டால்? மூச்சு கழுத்துத் துளை வழியாகப் போகும். ஆனாலும் பேச்சு உண்டு ஐயா! காற்றை உணவுக்குழாய்க்குள் இழுத்து, ஏப்பம் மாதிரி வெளியே விட்டு, அதையே சொல்லாக்கப் பழகலாம். மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவே சின்ன வால்வு வைத்தும் பேசலாம். குரல் கரகரன்னுதான் இருக்கும். இருக்கட்டுமே! தாத்தா பேர் சொல்லிக் கூப்பிட்டா பேரன் திரும்பிப் பார்ப்பானா, மாட்டானா? (கைதட்டல்)

“இதெல்லாம் காசுள்ளவங்க சமாச்சாரம்” என்றார் எதிரணித் தலைவர். வால்வுக்குக் காசு ஆகும், மறுக்கல. சுவருக்கும் குச்சிக்கும் என்னங்க விலை? சொல்லிக் கொடுக்க ஒரு ஆள் வேணும். “இன்னிக்குச் செஞ்சியா?”ன்னு கேட்க வீட்டிலே ஒரு நாதி வேணும். வீட்டுக்கு அனுப்பும்போது மாத்திரை எழுதுகிற சீட்டிலேயே பயிற்சியையும் எழுதணும்.

உயிரைக் காப்பாற்றிய மருத்துவத்தைக் கையெடுத்துக் கும்பிடுகிறோம். அந்தக் கும்பிடுக்கும் இரண்டு கை மேலே எழும்பணுமே! (சிரிப்பு, பலத்த கைதட்டல்) ஆகவே, மீண்டவரை வாழ வைப்பது மறுவாழ்வுப் பயிற்சியே என்று தீர்ப்பு வழங்குமாறு கேட்டு அமர்கிறேன்.