கோச்சி எங்கே நிற்குது என்று போனைக் கேட்டால்

(பகேரியாவில் புதிதாக வந்தவர்களுக்காக நடந்த ஆலோசனைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வக்கீல், விண்ணப்பம், சொஜோர்னோ என்று நிறையக் கேட்டிருப்பீர்கள். இன்றைக்கு நான் கோச்சியைப் பற்றிக் கதைக்கப் போகிறேன். இதென்ன சின்ன விசயம் என்று நினைக்காதீர்கள். நீங்கள் இருப்பது பகேரியாவில். குவெஸ்தூராவும் உங்களை விசாரிக்கிற கொம்மிசியோனேயும் இருப்பது பலெர்மோவில். கடிதத்தில் திகதியும் நேரமும் அடித்து வரும். கொம்மிசியோனே நேர்முகத்துக்கு அறிவிக்காமல் போகாமல் விட்டால், உங்கட வாயால் ஒன்றும் கேளாமலே முடிவு எடுக்கப்படலாம். கோரிக்கையைக் கைவிட்டதாகக்கூட எடுக்கப்படலாம். இந்தச் சட்டங்கள் அடிக்கடி மாறுகின்றன. உங்கட வக்கீலிடம் வடிவாய்க் கேளுங்கோ. இங்கே நான் சொல்ல வந்தது, அந்த நாளில் கோச்சியை எப்படி நம்புவது என்பதைப் பற்றி.

பகேரியாவிலிருந்து பலெர்மோ சென்ட்ராலே 13 கிலோமீற்றர் மட்டில். ஓடத் தொடங்கினால் 10, 15 நிமிடத்தில் கொண்டுபோய் விடும். சிசிலியில் முதன்முதல் ரயில் ஓடியதே இந்தத் துண்டில்தான், 1863 ஏப்ரலில். எங்கட நாட்டில் கொழும்பிலிருந்து அம்பேபுசைக்கு முதல் கோச்சி ஓடியது 1864 டிசம்பரில். ஆக இந்தப் பாதை எங்கட பாதையைவிட ஒரு வயது மூத்தது! தூரம் குறைவுதான். பிரச்சினை, உங்களை ஏற்ற வருகிற கோச்சி எங்கேயிருந்து வருகிறது என்பதில் இருக்கிறது. சிலது பக்கத்துத் தெர்மினி இமரேசேயில் இருந்தோ செஃபாலுவில் இருந்தோ வரும். சிலது மெசீனாவில் இருந்து வரும். சிலது அக்ரிஜெந்தோவில் இருந்து மலைக்குள்ளால் வரும். மெசீனாப் பாதையிலும் அக்ரிஜெந்தோப் பாதையிலும் இன்னும் ஒற்றைத் தண்டவாளமாகவே நெடுந்தூரம் இருக்கிறது. எதிரே ஒரு கோச்சி வந்தால் இது ஸ்ரேசனில் ஒதுங்கி நிற்க வேண்டும். எதிரே வருவது பிந்தினால் இதுவும் பிந்தும்.

இப்ப எல்லோரிடமும் கைத்தொலைபேசி இருக்கிறது. திரெனித்தாலியாவின் செயலி இருக்கிறது. ‘வியாஜாத்ரேனோ’ என்ற அவர்களுடைய இணையப் பக்கமும் இருக்கிறது. அதில் கணக்குத் திறக்காமல், காசில்லாமல் பார்க்கலாம். கோச்சியின் இலக்கத்தை அடித்தால் “ரித்தார்தோ” இத்தனை நிமிடம் என்று காட்டும். ரித்தார்தோ என்றால் தாமதம். “இன் ஒராரியோ” என்றால் நேரத்துக்கு ஓடுது.

அந்த இலக்கம் எங்கேயிருந்து வருகிறது என்று விளங்கினால் அரைவாசிப் பிரச்சினை தீர்ந்தது. கனபேர் நினைக்கிறார்கள், கோச்சிக்கு மேலே ஒரு செய்மதி நின்று பார்த்துக்கொண்டிருக்குது என்று. இங்கே நீங்கள் பார்க்கிற தகவல் அப்படி வருவதில்லை. கோச்சி ஒரு ஸ்ரேசனைக் கடக்கும்போது தண்டவாளத்தின் சிக்னல் அமைப்பில் அது பதிவாகும். அந்த நேரத்தை அட்டவணை நேரத்தோடு கழித்து வருவதுதான் ரித்தார்தோ. அதுக்குக் கிட்ட “உல்திமோ ரிலெவாமெந்தோ” என்று ஒரு வரி, ஓர் ஊர்ப் பெயரும் ஒரு நேரமும் இருக்கும். கடைசியாகப் பதிவான இடமும் நேரமும் அது. பெரிய எழுத்தில் இருக்கிற நிமிடத்தைவிட இந்தச் சின்ன வரியைத்தான் நீங்கள் முதலில் வாசிக்க வேண்டும்.

ஏனென்றால், இப்ப நேரம் 8.20 என்று வையுங்கோ. கடைசிப் பதிவு தெர்மினி இமரேசே 8.05, ரித்தார்தோ 5 நிமிடம். அந்த 5 நிமிடம் கால் மணித்தியாலத்துக்கு முந்தின கதை. அதுக்குப் பிறகு கோச்சி நடுவழியில் நின்றால், அடுத்த ஸ்ரேசன் வரும்வரை அந்த ஐந்து ஐந்தாகவே நிற்கும். பிறகு திடீரென்று 20 ஆகும். போன் பொய் சொல்லவில்லை, அதுக்குத் தெரிந்ததைத்தான் சொன்னது. கடைசிப் பதிவு சந்தா ஃபிளாவியா என்றால் வேறு கதை. அது எங்களுக்கு அடுத்த ஸ்ரேசன். அந்த இலக்கத்தை நம்பலாம்.

இதைவிட மோசமானது மற்றப் பக்கம். “20 நிமிடம் பிந்துதாம், ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவம்” என்று வீட்டில் இருப்பது. அட்டவணை போடும்போதே சில இடங்களில் கொஞ்சம் மேலதிக நேரம் வைத்துத்தான் போடுவார்கள். எதிரே வர வேண்டியது வராமல் விட்டாலும் வழி கிடைக்கும். அதனால் பிந்தின கோச்சி வழியில் நேரத்தைப் பிடித்துவிடும். 20 என்று காட்டினது 12 ஆகும். நீங்கள் மேடைக்கு வரும்போது அது பலெர்மோவுக்குப் போய்க்கொண்டிருக்கும். ஒன்று மட்டும் நிச்சயம்: அட்டவணையில் உள்ள நேரத்துக்கு முன்னால் கோச்சி பகேரியாவை விட்டு வெளிக்கிடாது. ஆகையால் போன் எதைச் சொன்னாலும் அட்டவணை நேரத்துக்கு 10 நிமிடம் முன்னால் ஸ்ரேசனில் நில்லுங்கோ. போனைப் பார்த்து நேரத்தோடு வெளிக்கிடலாம். போனைப் பார்த்துப் பிந்தி வெளிக்கிடக் கூடாது.

இன்னொரு ஏமாற்று “நோன் அங்கோரா பர்தீத்தோ”. இன்னும் புறப்படவில்லை என்று அர்த்தம். முதல் ஸ்ரேசனை விட்டு வெளிக்கிடும் வரைக்கும் பெரும்பாலும் தாமதமில்லாத மாதிரித்தான் தெரியும். ஆனால் அங்கே அந்தப் பெட்டிகள் வேறு சேவையை முடித்துவிட்டு வர வேண்டியவையாக இருக்கலாம். முந்தினது பிந்தினால் இதுவும் பிந்தும். ஆகவே புறப்படாத கோச்சியைப் பற்றிப் போன் சொல்வதை ஒரு தகவலாகவே எடுக்காதீர்கள்.

தமிழ்நாட்டில் இருந்துவிட்டு வந்தவர்கள் ‘வேர் இஸ் மை டிரெயின்’ செயலியைப் பாவித்திருப்பீர்கள். 2018 இல் கூகிள் வாங்கினது. கோச்சிக்குள் இருக்கிறவர்களின் போன் எந்தக் கோபுரத்துக்குக் கிட்ட இருக்குது என்பதை வைத்துக்கூட அது இடத்தைச் சொல்லும். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் போன் நடுவழியைக் காட்டும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

வேலைநிறுத்த நாள் தனி. அதுக்கு இங்கே “ஷோப்பெரோ” என்று பெயர். 1990 ஆம் ஆண்டின் 146 ஆம் இலக்கச் சட்டப்படி குறைந்தது 10 நாளுக்கு முன்னரே அறிவிக்க வேண்டும். போக்குவரத்து அமைச்சின் இணையப் பக்கத்தில் வரவிருக்கிற வேலைநிறுத்தங்கள் நாள்வாரியாக இருக்கும். கடிதம் கிடைத்த அன்றும், போவதற்கு முதல்நாளும் பாருங்கோ. வேலை நாட்களில் காலை 6 முதல் 9 வரையும், பின்னேரம் 18 முதல் 21 வரையும் பிராந்தியக் கோச்சிகளில் உறுதிசெய்யப்பட்டவை ஓடும். உங்கட நேர்முகம் 11 மணிக்கு என்றாலும் அந்த நாளில் 9 மணிக்கு முன்னர் பலெர்மோவில் நில்லுங்கோ. “சொப்ரெஸ்ஸோ”, “கன்செல்லாத்தோ” என்ற சொற்களைப் பார்த்தால் அந்தக் கோச்சி இல்லை. ஷோப்பெரோ நாளில் அந்தச் சொல் கடைசி நேரத்திலும் விழும்.

தண்டவாளத்தில் வேலை நடக்கிற காலங்களில் கோச்சிக்குப் பதிலாக பஸ் விடுவார்கள். பஸ் தண்டவாளத்தில் ஓடுவதில்லை, ஸ்ரேசன் சிக்னலில் பதிவாகாது. அதை இந்த வழியில் பின்தொடர முடியாது. பலெர்மோ வீதி நெரிசலையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கோ.

நேர்முக நாளில் நான் சொல்வது இதுதான். தேவையான கோச்சிக்கு இரண்டு கோச்சி முந்தி ஏறுங்கோ. சென்ட்ராலேயில் இறங்கி அமாத் பஸ்ஸும் எடுக்க வேண்டியிருக்கும், அதுவும் தன் பாட்டில்தான் வரும். ஒரு மணித்தியாலம் வாசலில் நின்றால் கால்தான் உளையும். முதல்நாளே ஸ்ரேசனுக்குப் போய் மஞ்சள் தாளைப் பாருங்கோ. மஞ்சள் புறப்படுவது, வெள்ளை வந்து சேர்வது. உங்கட கோச்சியின் இலக்கத்தைத் தாளில் எழுதி வையுங்கோ. போன் பற்றரி செத்தாலும் அந்தத் தாள் சாகாது. ஸ்ரேசனில் ஒலிபெருக்கியில் “பினாரியோ” என்று கேட்டால் காதைக் கொடுங்கோ. மேடை கடைசி நிமிடத்திலும் மாறும்.

இவ்வளவும் செய்தும் கோச்சி நடுவழியில் நின்றுவிட்டால் பதறாதீர்கள். நேர்முக நேரம் தாண்டுவதற்கு முன்னரே உங்கட சென்ரோ அலுவலருக்கோ வக்கீலுக்கோ போன் எடுங்கோ. அவர்கள் “பெக்” என்ற பதிவு மின்னஞ்சலில் கொம்மிசியோனேக்கு அறிவிக்கலாம். கோச்சி இலக்கமும் ரித்தார்தோவும் நேரமும் தெரியும்படி திரையைப் படம் எடுத்து வையுங்கோ, ரிக்கெற்றை எறியாதீர்கள். பயணம் முடிந்து கொஞ்ச நேரத்தில் அந்தத் தகவல் திரையில் இருக்காது. இழப்பீடு கிடைக்குமோ என்று கேட்கிறீர்கள். ஐரோப்பியச் சட்டத்தில் 60 நிமிடத்துக்கு மேல் பிந்தினால் ரிக்கெற் விலையில் 25 வீதம் உண்டு, ஆனால் ரிக்கெற் ஒன்றுக்கு 4 யூரோ வரையான சின்னத் தொகைகளைக் கொடுக்காமல் விட அதே சட்டம் இடம் கொடுக்கிறது. பகேரியா ரிக்கெற்றில் அது எங்கே போய் எட்டும்? அதை விடுங்கோ. உங்களுக்குப் பெறுமதி அந்தப் படமும் ரிக்கெற்றும்.

சரி, இப்ப எல்லோரும் போனை எடுங்கோ. வியாஜாத்ரேனோவைத் திறந்து பகேரியா என்று அடியுங்கோ. பலெர்மோ போகிற முதல் கோச்சியைத் தொடுங்கோ. நிமிடத்தைச் சொல்ல வேண்டாம். கடைசிப் பதிவு எந்த ஊர், எத்தனை மணி என்று முன்வரிசையில் இருந்து ஒவ்வொருவராய்ச் சொல்லுங்கோ.