சேரிச் சுடுகாட்டில் ஒரு நாள்

கொடுத்த தலைப்பு வேற. நான் எங்க சுடுகாட்டைப் பத்திப் பேசப்போறேன், பொறுத்துக்குங்க.

எங்க ஊர் கடைமடை. சேரிச் சுடுகாடு வாய்க்கால் படுகையில். ஒவ்வொரு வகையறாவுக்கும் அதில் ஒரு மூலை. எழுத்தில் இல்லை, வாய்ப்பேச்சில்தான். கல் கிடையாது. பண்ணையாள் காலங்காலமாகக் குடியிருந்த மனைக்கே சட்ட உரிமை 1971 குடியிருப்புச் சட்டத்தில்தான் வந்தது. இருக்கிறவனுக்கே மனை இல்லாதபோது செத்தவனுக்கு ஏது கல்?

போன பங்குனியில் எண்பது தாண்டின பெரியம்மாவைக் கூட்டிக்கிட்டுப் போனோம். முள்ளை வெட்டினோம். அவுங்க குச்சியால தட்டிக்கிட்டே நடந்தாங்க. "இந்தப் பூவரசு ஒங்க தாத்தா தலைமாட்டுல நட்ட கழிடா, துளுத்துடுச்சி." பழைய குழிகளை மேட்டைப் பார்த்துத் தேடக்கூடாது, பள்ளத்தைப் பார்க்கணும்னாங்க. உடம்பு மக்க மக்க மண் உள்வாங்கிடும். எங்க வகையறாவில் தலை தெற்கே. அதை வைச்சு நீளம் அளந்தோம். முழ நீளப் பள்ளங்கள் பிள்ளைகளுடையவை. ஏழு பேரைச் சொன்னாங்க. ரெண்டு இடத்தில் நின்னுட்டாங்க. சின்னாத்தாவா இருக்கும்னு எழுதிக்கிடலாமான்னு கேட்டேன். "தெரியாததுக்குப் பேரு வைக்காதடா."

அப்புறம்தான் வயித்தெரிச்சல். புல வரைபடத்தையும் 'அ' பதிவேட்டையும் வாங்கிப் பார்த்தால், படுகையில் பாதிதான் சுடுகாடு. மீதி வாய்க்கால் புறம்போக்கு. எங்க தாத்தா அந்த மீதியில் கிடக்கிறார். தூர்வார எந்திரம் வந்தால் கேட்க ஒரு காகிதம் இல்லை.

1968 டிசம்பர் 25, வெண்மணி. ஒரே குடிசையில் 44 பேரை எரித்தார்கள், பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும். எது யார் சாம்பல்னு பிரிக்க முடியாது. ஆனால் நினைவிடத்தில் 44 பேரும் தனித்தனிப் பெயராக இருக்காங்க. நாம எழுதினதாலதான் இருக்காங்க. 2016 சனவரியில் திருநாள்கொண்டச்சேரியில் நம்ம பெரியவர் ஒருவர் உடலைப் பொதுத்தெரு வழியாக எடுத்துப்போக உயர்நீதிமன்றம் உத்தரவே போட்டது. போலீஸ் தானே தூக்கி வேறு வழியில் கொண்டுபோய்ப் புதைத்தது. நமக்குப் பாதையும் தகராறு, படுக்கிற இடமும் தகராறு.

மாணவத் தோழர்கள் லீவுக்கு ஊருக்குப் போறீங்க. ஒரு நோட்டு, ஒரு அளவு நாடா, ஊரில் மூத்த ஒரு ஆத்தா போதும். குழிக்குக் குழி தூரம் அளங்க, வாய்க்கால் மதகிலிருந்து. மரம் செத்துப்போகும், மதகு நிக்கும். புல எண்ணைப் போட்டு, அத்தனை பேர் கைநாட்டோட மனுவாகக் கொடுங்க. மேட்டூர் திறந்து தண்ணி வர்றதுக்குள்ள செய்யணும்.

அந்த ரெண்டு இடத்திலும் பூவரசங் கழி நட்டிருக்கோம். நோட்டில் 'எங்க ஆள், பெயர் தெரியவில்லை'ன்னு எழுதியிருக்கேன்.