ஆறாத மார்பு வீக்கம்

(மாதர் சங்கக் கூட்டமொன்றில் மருத்துவர் ஆற்றிய உரை)



பிள்ளை பெற்றவளுக்கு மார்பில் பால் கட்டிச் சிவந்து, வலியும் காய்ச்சலும் காண்பது நம் ஊர்களில் புதிதன்று. கிருமியால் உண்டாகும் இவ்வழற்சி, தக்க மருந்தினால் சில நாட்களில் தணியும். குழந்தைக்குப் பாலூட்டுவதை நிறுத்த வேண்டுவதில்லை. ஆயினும் இதே வேடத்தில் வரும் வேறொரு நோய் உண்டு.

அது மார்பகப் புற்று நோயில் ஒரு வகை. அழற்சி வகைப் புற்று எனப்படும். 1924-ஆம் ஆண்டில் லீ, டானென்பாம் என்னும் இரு அமெரிக்க மருத்துவர்கள் இதற்கு இப்பெயரை இட்டனர். புற்று என்றால் கையில் தட்டுப்படும் கட்டி என்றே நாம் எண்ணுகிறோம். இந்நோயில் பெரும்பாலும் கட்டி தென்படுவதில்லை. புற்றணுக்கள் தோலிலுள்ள நுண்ணிய நிணநீர்க் குழாய்களை அடைத்துக் கொள்கின்றன. நீர் வடிய வழியின்றித் தோல் தடித்து, ஆரஞ்சுப் பழத் தோலைப் போலக் குழி குழியாகிறது. மார்பு கனத்துச் சுடுகிறது. காம்பு உள்ளிழுத்துக் கொள்ளலாம். அக்குளில் நெறி கட்டலாம். கருத்த மேனியில் சிவப்பு எளிதில் புலப்படாது. தோல் மேலும் கருத்தாற்போலவே தோன்றும்.

இந்நோய் அரிதே. ஆனால் வாரக் கணக்கில் முற்றக் கூடியது. பற்றுப் போட்டும், மருந்தை மாற்றி மாற்றி உண்டும் கழிக்கும் ஒவ்வொரு நாளும் நோய்க்கே ஆதாயமாகும்.

இரண்டையும் பிரித்தறிவது எப்படி? புற்றில் பொதுவாகக் காய்ச்சல் இராது. பால் கொடுக்காத பெண்ணுக்கும், மாதவிடாய் நின்றவளுக்கும் இத்தகைய வீக்கம் கண்டால் உடனே ஐயுற வேண்டும். பால் கொடுக்கும் தாயாயினும், மருந்தை ஒழுங்காக உண்டு ஏழு அல்லது பத்து நாட்களாகியும் வீக்கம் தணியாவிடில், மீண்டும் அதே மருந்தை நாடலாகாது. பெரிய மருத்துவமனைக்குச் சென்று, படம் எடுத்து, தோலிலும் சதையிலும் சிறு துணுக்கெடுத்துச் சோதிக்க வேண்டும். ஐயத்தைத் தீர்ப்பது அச்சோதனையே.

புற்றென்று உறுதியானால் முதலில் மருந்தும், பின்னர் அறுவையும், அதன்பின் கதிர் சிகிச்சையும் முறையாக அளிப்பர். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளும், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் தோன்றிய அடையாறு புற்றுநோய் நிலையமும் இதற்கு உள்ளன.

சகோதரிகளே! மருந்து தொடங்கிய தேதியைச் சீட்டில் குறித்து வையுங்கள். பத்தாம் நாள் அக்கம் பக்கத்தார் நலம் விசாரியுங்கள். வெட்கத்தால் மறைப்பவளைக் கைப்பிடித்து அழைத்துச் செல்லுங்கள். ஆறாத வீக்கத்தை ஆராயாமல் விடலாகாது.