கூடத்துச் சுவரில் இருந்த துப்பாக்கி

எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில், பாட்டனார் படத்தருகே, இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று தொங்கியது. காட்டுப்பன்றிகளை விரட்டத் தந்தையார் உரிமம் பெற்று வாங்கியது அது. பன்றிகளைக் காட்டிலும் விருந்தினர்களே அதனை மிகுதியாகக் கண்டனர் எனலாம்! "வெறுங்குழல்தான்" என்பார் தந்தையார், நாங்களும் நம்பினோம். எட்டு வயதில் ஒரு மாலை, முக்காலியில் ஏறி அதனை எடுத்து விசையை இழுத்தேன். எதிர்ச்சுவரின் காரை பெயர்ந்து சிதறியது. சற்று முன்புவரை அங்கேதான் என் தங்கை சாய்ந்தமர்ந்து பூத் தொடுத்துக்கொண்டிருந்தாள்.

அன்பர்களே, இன்று அத்துப்பாக்கி என் உரிமத்தில் இருக்கிறது. எடுத்தவுடன் குழலை மடித்துத் திறந்து, இரண்டு அறைகளையும் கண்ணால் பார்ப்பேன். விரலாலும் தடவிப் பார்ப்பேன். பின்னர் எண்ணெய்த் துணியால் துடைத்து, சுவரோடு முடுக்கிய இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டுவேன். தோலுறையில் நெடுநாள் வைப்பதில்லை. தோல் ஈரத்தை ஈர்த்து இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும். தோட்டாக்களுக்கு வேறு பெட்டி, வேறு பூட்டு.

சாவிதான் பெரும்பாடு. அரிசிப் பானையும் சுவாமி படத்தின் பின்புறமும் குழந்தைகள் முதலில் தேடும் இடங்கள். ஆகவே என் சாவி இடுப்பைவிட்டு இறங்குவதில்லை. 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டப்படி உரிமம் என் ஒருவனுக்கே உரியது. வீட்டாரிடம் சாவியை ஒப்புவித்துப் போவது முறையன்று. நெடும்பயணம் நேர்ந்தால், ஆயுதங்களைக் காப்பில் வைக்க உரிமம் பெற்ற வணிகரிடம் ஒப்படைத்து ரசீது பெற்றுக்கொள்கிறேன்.

தங்கை இன்றும் எங்கள் வீட்டுக்கு வந்தால், அந்தச் சுவரில் சாய்ந்து உட்காருவதில்லை.